கொல்லன் மகனுக்கு எழுத்து தெரியாது: ‘கிங்டம் கம் டெலிவரன்ஸ்’

ஊரில் ஒரு குடிகாரனிடம் அப்பாவுக்கு வரவேண்டிய பாக்கியைக் கேட்கப் போனேன். பெயர் குனேஷ். கோடாரி, சுத்தியல், ஆணி என்று பட்டறையிலிருந்து வாங்கிப் போனவன், காசு மட்டும் தரவில்லை. கேட்டதும் திட்டினான். நானும் விடவில்லை, கையை மடக்கிக்கொண்டு நின்றேன். அரை நிமிடத்தில் மண்ணில் கிடந்தேன்.

‘கிங்டம் கம் டெலிவரன்ஸ்’ என்ற கணினி விளையாட்டு எனக்கு இப்படித்தான் தொடங்கியது. அதற்கு முன் பல வருடங்களாக நான் விளையாடியவை எல்லாம் வேறு மாதிரி. ‘ஸ்கைரிம்’ தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே வானத்திலிருந்து டிராகன் இறங்கும். இன்னும் சில மணி நேரத்தில் ‘டிராகனை வெல்லப் பிறந்தவனே நீதான்’ என்று ஊரே சொல்லிவிடும். இங்கே எனக்கு எதிரி ஒரு கடன்காரக் குடிகாரன், அவனையும் வெல்ல முடியவில்லை. எழுந்து வீட்டுக்கு நடந்தபோது, இந்த விளையாட்டை முடிக்காமல் விடக்கூடாது என்று தோன்றிவிட்டது.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்காகச் சில விவரங்கள். கதை நடக்கும் ஆண்டு 1403, இடம் பொஹீமியா, அதாவது இன்றைய செக் நாடு. பேரரசர் நான்காம் சார்லஸ் 1378இல் இறந்த பிறகு அவர் மகன் வென்சஸ்லாஸ் ஆட்சிக்கு வருகிறார். அவருக்கும் அவருடைய மாற்றாந்தாய்த் தம்பி சிகிஸ்மண்டுக்கும் ஆகவில்லை. ஹங்கேரியின் அரசரான சிகிஸ்மண்ட் படையோடு உள்ளே நுழைகிறார். வெள்ளி எடுக்கும் சிற்றூரான ஸ்கலிட்ஸ் எரிகிறது. அந்த ஊர்க் கொல்லனின் மகன் ஹென்றிதான் நாம். இந்த விளையாட்டை உருவாக்கியவர்கள் பிராக் நகரத்தில் இருக்கும் வார்ஹார்ஸ் ஸ்டுடியோ. மந்திரமும் டிராகனும் இல்லாத ஆர்பிஜிக்கு, அதாவது ஒரு பாத்திரமாகவே வாழ்ந்து ஆடும் விளையாட்டுக்கு, பணம் போட வெளியீட்டாளர்கள் முன்வராத நிலையில், 2014இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் இணையதளத்தில் மக்களிடமே போய்க் கேட்டார்கள். 3 லட்சம் பவுண்டு கேட்டதற்கு 11 லட்சத்துக்கு மேல் வந்தது. 2018 பிப்ரவரியில் விளையாட்டு வெளியானது. இரண்டு வாரத்துக்குள் 10 லட்சம் பிரதி விற்றது. டிராகன் இல்லாத கதைக்கும் ஆள் இருக்கிறது என்பது அப்போது தெரிந்தது.

நான் இதை நாலைந்து வருடம் கழித்து, ஒரு சலுகை நாளில் வாங்கினேன். வீட்டில் நாலு பேர் படத்துக்குப் போய் வரும் செலவைவிடக் குறைவு.

நான் மாயக்கதைக்காரன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். புதுக்கோட்டையில் அப்பாயி மடியில் படுத்துக்கொண்டு ஏழு கடல் ஏழு மலை தாண்டிப் போய், கிளிக்குள் இருந்த ராட்சசனின் உயிரைக் கழுத்தைத் திருகி எடுத்தவன். ‘விட்சர் 3’ஐ இரண்டு தடவை முடித்திருக்கிறேன். யதார்த்தம் வேண்டுமென்றால் விளையாட்டு எதற்கு, ஜன்னலைத் திறந்து தெருவைப் பார்த்தால் போதாதா என்று பேசியவனும் நானேதான். அந்த எண்ணத்தை இந்த விளையாட்டு ஒரே ஒரு இடத்தில் மாற்றியது.

அந்த இடம் புத்தகம். ஹென்றிக்குப் படிக்கத் தெரியாது. கொல்லன் மகனுக்கு 1403இல் யார் எழுத்து சொல்லிக் கொடுத்திருப்பார்கள்? வழியில் ஒரு புத்தகம் கிடைத்துத் திறந்தால், எழுத்துகள் எல்லாம் இடம் மாறிக் கிடக்கின்றன. ஏதோ பிழை என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம்தான் புரிந்தது, நான் பார்ப்பது ஹென்றியின் கண் வழியாக. படிக்க வேண்டுமென்றால் உஷிட்ஸ் என்ற ஊருக்குப் போய், அங்கே இருக்கும் எழுத்தரிடம் காசு கொடுத்துக் கற்றுக்கொள்ள வேண்டும். கற்றுக்கொண்ட உடனேயும் எல்லாம் சரியாகிவிடாது. சில சொற்கள் நேராக நிற்கும், சில சொற்கள் இன்னும் குழம்பிக் கிடக்கும். படிக்கப் படிக்கத்தான் பக்கம் தெளியும்.

எங்கள் அப்பாயி ஐம்பது வயதுக்கு மேல்தான் எழுத்து கற்றார். 1990களின் தொடக்கத்தில் எங்கள் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தபோது, சாயங்காலம் அரிக்கேன் விளக்கு வைத்து நடந்த வகுப்புக்குப் போனவர். அதுவரை தாத்தாவின் நாட்டு மருந்துக் கடையில் எந்த இழுப்பறையில் என்ன இருக்கிறது என்பதை வாசனையை வைத்துத்தான் சொல்லுவாராம். சுக்கு இது, சித்தரத்தை இது, அதிமதுரம் இது என்று மூக்கே படித்துவிடும். எழுத்து வந்த பிறகு ஒரு நாள் எல்லா இழுப்பறையின் சீட்டையும் ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார் என்று அப்பா சொல்லுவார். “எனக்குத் தெரிஞ்சதைத்தான்டா எழுதி வச்சிருக்காக” என்றாராம். ஹென்றியின் பக்கத்தில் ஒரு முழு வரி முதன்முதலாக நேராக நின்றபோது விளையாட்டை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். எத்தனையோ விளையாட்டில் எத்தனையோ மந்திரச் சுவடிகளை ஒரு பொத்தானில் ‘கற்று’ முடித்திருக்கிறேன். ஒன்றுகூட என்னை இப்படி உட்கார வைத்ததில்லை.

மருந்து காய்ச்சும் பகுதியைப் பற்றித் தனியாகவே எழுதலாம். பிற விளையாட்டுகளில் மூலிகை பத்து இருந்தால் பொத்தானை அழுத்த வேண்டியதுதான், மருந்து வந்துவிடும். இங்கே ஒரு மேசைக்கு முன்னால் நிற்கிறோம். கொப்பரை இருக்கிறது, துருத்தி இருக்கிறது, உரல் இருக்கிறது, மணற்கடிகாரம் இருக்கிறது. தண்ணீரா, திராட்சை மதுவா, எண்ணெயா, சாராயமா என்று முதலில் அடிப்படையைத் தேர்ந்தெடுத்து ஊற்ற வேண்டும். எந்த இலையை அப்படியே போடுவது, எதை இடித்துப் போடுவது, எத்தனை சுற்று கொதிக்க விடுவது என்பதைச் சுவடியைப் பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டும். தீ அடங்கினால் துருத்தியை அமுக்க வேண்டும். வரிசை தவறினால் மருந்து கெடும்.

தாத்தா கஷாயம் போடும்போது பக்கத்தில் நின்றவர்களுக்கு இது புரியும். எட்டுப் பங்கு தண்ணீர் ஒரு பங்காக வற்ற வேண்டும் என்பார். அதற்கு முன்னால் இறக்கினால் அது வெறும் இலைத் தண்ணீர். நான் சின்னப் பையனாக இருந்தபோது அவசரப்பட்டு, “போதும் தாத்தா, இறக்கிடலாம்” என்பேன். “அடுப்புக்குத் தெரியும்டா, நீ சும்மா இரு” என்பார். முப்பது வருடம் கழித்து ஒரு கணினித் திரையில் மணல் இறங்கி முடிவதற்காகக் காத்திருந்தபோது, அந்தக் கடையின் பித்தளைத் தராசு வரை நினைவுக்கு வந்தது. நான் முதலில் ஒழுங்காகக் காய்ச்சக் கற்றது ‘சேவியர் ஷ்னாப்ஸ்’. நம் ஊர்ச் செந்தட்டி மாதிரி தொட்டால் அரிக்கும் நெட்டில் இலையும், பெல்லடோனாவும், மதுவும் சேர்ந்தது. பெல்லடோனா நம் ஊமத்தையின் குடும்பம்தான், விஷம். அளவோடு போட்டால் மருந்து என்று இரண்டு ஊரிலுமே சொல்லியிருக்கிறார்கள்.

இந்த ஷ்னாப்ஸ் மேல்தான் பலருக்குக் கோபம். விளையாட்டைச் சேமிக்க வேண்டுமென்றால் இதைக் குடிக்க வேண்டும், இல்லையென்றால் தனக்குரிய கட்டிலில் படுத்துத் தூங்க வேண்டும், அதுவும் இல்லையென்றால் கதை ஒரு கட்டம் தாண்டும்போது தானாகச் சேமிக்கும்வரை காத்திருக்க வேண்டும். நினைத்த இடத்தில் சேமிக்க முடியாது. எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, காட்டில் இரண்டு மணி நேரம் மூலிகை பறித்து, மான் வேட்டையாடி, குதிரையில் திரும்பும்போது கரண்ட் போய்விட்டது. அந்த இரண்டு மணி நேரமும் போயிற்று. யுபிஎஸ் இல்லாத வீட்டுக்காரர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சேமித்துவிட்டு வெளியேறும் வசதியைப் பிறகு ஒரு அப்டேட்டில் சேர்த்துவிட்டார்கள், அதனால் எழுந்து போவதற்குக் கவலை இல்லை. ஆனால் இந்தக் கட்டுப்பாட்டின் நியாயமும் எனக்குப் பிடிபட்டது. எந்த நிமிடமும் பின்னால் போகலாம் என்றால் காட்டுப் பாதையில் புதர் அசைந்தால் யார் பயப்படுவார்கள்? நான் பயந்தேன். மூன்று பேர் வழிமறித்தால் குதிரையைத் திருப்பிக்கொண்டு ஓடினேன். ஓடுவது இங்கே மானக்கேடு இல்லை, புத்திசாலித்தனம்.

சண்டையும் அப்படித்தான். ரட்டாய் கோட்டையில் கேப்டன் பெர்னார்டு என்பவர் வாள் பிடிக்கக் கற்றுத் தருகிறார். மேலிருந்து, பக்கவாட்டில், கீழிருந்து என்று வெட்டும் திசையை நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். மூச்சு வாங்கினால் கை தொய்யும். வில்லில் குறி பார்க்கத் திரையில் புள்ளி கிடையாது. கவசம் அடுக்கடுக்காக இருக்கிறது: உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த அங்கி, அதன் மேல் இரும்பு வளையச் சட்டை, அதற்கும் மேல் தகடு. தகடு போட்டவனை வாளால் வெட்டினால் சத்தம்தான் வரும், அவனுக்குக் கதாயுதம் வேண்டும். தலைக்கவசத்தின் முகமூடியை இறக்கினால் உயிர் தப்பும், ஆனால் திரை முழுவதும் இருட்டாகி ஒரு கீறல் வழியாகத்தான் உலகம் தெரியும். பாதுகாப்பு வேண்டுமா, பார்வை வேண்டுமா என்று ஒவ்வொரு சண்டையிலும் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

இதையெல்லாம் சித்தப்பா மகனிடம் சொன்னபோது அவன் சிரித்தான். ‘எல்டன் ரிங்’கில் ஊறிப் போனவன்.

“அண்ணே, நாள் பூரா ஆபீஸ்ல கணக்குப் பாக்குறீங்க. வீட்டுக்கு வந்து பசிக்குது, தூக்கம் வருது, சட்டை அழுக்கா இருக்குன்னு இன்னொரு ஆளுக்கும் சேத்துப் பாக்கணுமா? நான் வெளையாடுறதே இதெல்லாம் மறக்கத்தான்.”

“உன் விளையாட்டுலயும்தான் அடி வாங்குற.”

“வாங்குறேன். மார்கிட்னு ஒரு ராட்சசன், அவன்கிட்ட எத்தனை தடவை செத்தேன்னு கணக்கே இல்ல. ஆனா தலைக்கு மேல வானத்தையே மறைக்கிற மாதிரி தங்க மரம் நிக்குது பாருங்க. அது ஒங்க செக் நாட்டுல இருக்கா?”

இல்லைதான். அந்த மரத்தை முதன்முதலில் பார்க்கும் கணம் எவ்வளவு பெரியது என்று எனக்கும் தெரியும். அவன் சொன்னதில் ஒன்று என்னை நிறையவே யோசிக்க வைத்தது. கஷ்டம் இரண்டிலும் இருக்கிறது, தோல்வி இரண்டிலும் இருக்கிறது. அப்படியென்றால் எனக்கு இங்கே புதிதாகக் கிடைத்தது என்ன? அவன் விளையாட்டில் கற்பது அந்த மிருகத்தை. அது எப்போது கையை ஓங்கும், எப்போது தாவும் என்பதை. ஹென்றியோடு நான் கற்றது ஒரு காலத்தில் சாதாரண மனிதன் பகலை எப்படிக் கழித்தான் என்பதை. ராத்திரியில் கடை பூட்டியிருக்கும். மூட்டையில் வைத்த இறைச்சி சில நாளில் அழுகும். ரத்தக் கறையோடு ஊருக்குள் வந்தால் ஜனங்கள் பயந்து ஒதுங்குவார்கள், குளித்துத் துணி மாற்றி வந்தால் அதே ஜனங்கள் மரியாதையாகப் பேசுவார்கள். நாலாயிரம் மைலுக்கு அப்பால், அறுநூறு வருடம் முன்னால் என்று எதுவும் தோன்றவில்லை. இந்த ஊரை எனக்குத் தெரியும் என்றுதான் தோன்றியது.

அதே சமயம், ‘விட்சர் 3’இல் வரும் ரத்தப் பிரபுவின் கதையை இந்த விளையாட்டால் சொல்லியிருக்க முடியாது. குடித்துவிட்டு மனைவியை அடிக்கும் ஒரு தளபதி. கரு கலைந்து போகிறது. பெயரும் வைக்காமல் புதைத்த அந்தக் குழந்தை ஒரு கோரமான உருவமாகத் திரும்பி வருகிறது. வாளை எடுத்து அதை வெட்டியும் முடிக்கலாம். இன்னொரு வழியும் உண்டு: அப்பன்காரன் அதைத் தன் கையில் ஏந்திக்கொண்டு, இருட்டில், வீடு வரை நடந்து வந்து, வாசல்படியில் குழி வெட்டி, பெயர் சொல்லிப் புதைக்க வேண்டும். அந்த நடையை நாம் சுருக்க முடியாது. அவன் அடிமேல் அடி வைத்து நடக்க, ஆவிகள் சுற்றி வர, நாம் கூடவே போக வேண்டும். ஒரு குற்ற உணர்வை இவ்வளவு கனமாகக் கையில் தூக்கிக் கொடுக்க மாயக்கதையால்தான் முடியும். டிராகன் இருக்கிறதா இல்லையா என்பது இப்போதெல்லாம் எனக்குப் பெரிதாகப் படுவதில்லை. நடக்க வேண்டியதை நடந்துதான் ஆக வேண்டும் என்று கதை கேட்கிறதா என்றுதான் பார்க்கிறேன். அப்பாயி சொன்ன ராஜகுமாரனும் ஏழாவது மலையில் பறந்து போய் இறங்கவில்லை. குதிரைக்குக் கொள்ளு தீர்ந்து போய், தான் தின்ன வைத்திருந்த அவலைக் குதிரைக்குக் கொடுத்துவிட்டுப் பட்டினியாக நடந்தான்.

விளையாட்டிலேயே எனக்கு மிகவும் பிடித்தது சாசாவு மடம். நிஜமான மடம்தான், 11ஆம் நூற்றாண்டில் தொடங்கியது, இன்றும் சாசவா ஆற்றங்கரையில் இருக்கிறது. ஒளிந்திருக்கும் ஒருவனைத் தேடி ஹென்றி துறவி வேடத்தில் உள்ளே போகிறான். வாளையும் உடையையும் வாங்கி வைத்துவிடுகிறார்கள். காலையில் மணி அடித்தால் எழ வேண்டும், பிரார்த்தனைக்குப் போக வேண்டும், சொன்ன நேரத்தில் சாப்பிட வேண்டும், பிரதி எடுக்கும் கூடத்தில் உட்கார வேண்டும். தவறினால் தனியறைத் தண்டனை. அடிதடிக்காக வந்தவர்கள் இந்தப் பகுதியைக் கண்டு எரிச்சல்படுகிறார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கு இது, வாள் இல்லாமல் ஒரு மனிதனுக்கு என்ன மிச்சமிருக்கிறது என்று பார்க்கும் இடமாக இருந்தது. அங்கே எழுத்தும் மருந்தும்தான் கைகொடுத்தன. உஷிட்ஸில் காசு கொடுத்துக் கற்ற படிப்பு அந்த மதிலுக்குள்தான் முழுதாக உதவியது.

குறைகள் இல்லாமல் இல்லை. வெளியான புதிதில் பிழைகள் நிறைய இருந்தன என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம், இப்போது வாங்குபவர்களுக்கு அவற்றில் பெரும்பாலானவை கண்ணில் படாது. என்னுடைய வருத்தம் வேறு. யதார்த்தம் என்று சொல்லிக்கொண்டே, தேவைப்பட்ட இடத்தில் அதைக் கைவிட்டிருக்கிறார்கள். யார் வீட்டு அடுப்பிலும் கொதிக்கும் குழம்பை அகப்பையால் எடுத்துச் சாப்பிடலாம், சட்டி காலியாவதே இல்லை. போர்க் காலத்தில், அகதிகள் நிறைந்த ஊரில்! நாலு பேர் வெட்டிய உடம்பு இரண்டு ராத்திரித் தூக்கத்தில் ஆறிவிடுகிறது. பாதி கதைக்கு மேல் எதிரியின் வெட்டைத் தடுத்துத் திருப்பி அடிக்கும் வித்தை கைவந்துவிட்டால், தொடக்கத்தில் குனேஷிடம் விழுந்தவன் ஐந்து பேரை ஒற்றையாகச் சாய்க்கிறான். அந்தப் பயம் போன பிறகு காட்டுப் பாதை வெறும் பாதையாகிவிட்டது.

அதைவிடப் பெரிய குறை, கூமன் வீரர்களைக் காட்டிய விதம். சிகிஸ்மண்டோடு வந்த அந்தப் புல்வெளி மக்களுக்கு இங்கே முகமே இல்லை, வெட்டி வீழ்த்த வேண்டிய கூட்டமாகவே வருகிறார்கள். ஒரு பொஹீமியக் கிழவியின் முட்டுவலிக்குக்கூடத் தனிக் கதை எழுதத் தெரிந்தவர்கள், இவர்களில் ஒருவனையாவது உட்கார வைத்துப் பேசியிருக்கலாம். எதை நுணுக்கமாகக் காட்டுவது, எதைக் கடந்து போவது என்று யாரோ ஒருவர் முடிவு செய்ததுதான் இந்த யதார்த்தமும். அதை மறந்துவிட்டு ‘வரலாறு இப்படித்தான் இருந்தது’ என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

பெண்களும் முதன்மைக் கதையில் ஓரமாகத்தான் நிற்கிறார்கள். 2019இல் வந்த ‘எ வுமன்ஸ் லாட்’ என்ற டிஎல்சி, அதாவது தனியாக வந்த கூடுதல் பகுதி, இதைக் கொஞ்சம் ஈடு செய்கிறது. ஹென்றியைக் காப்பாற்றிய ஆலைக்காரர் மகள் தெரேசாவாக, அவளுடைய நாய் டிங்கரோடு, ஸ்கலிட்ஸ் எரிந்த அந்த நாளை மறுபடியும் வாழ வேண்டும். காலையில் அவள் வீட்டு வேலைகளை முடிக்கும்வரை எதுவும் நடப்பதில்லை. அப்புறம் எல்லாம் நடக்கிறது. ஹென்றி குதிரையில் தப்பி ஓடிய பிறகு அந்த ஊரில் மிஞ்சியவர்களுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தபோது, முதன்மைக் கதையை முடித்த திருப்தி குறைந்துதான் போனது. அதற்காகவே அதை விளையாட வேண்டும்.

யாருக்குப் பரிந்துரைப்பேன் என்றால், முதல் பத்து மணி நேரம் தோற்கப் பொறுமை உள்ளவர்களுக்கு. தினம் அரை மணி நேரம்தான் கிடைக்கும் என்பவர்கள் தள்ளியே இருங்கள், இது அப்படிக் கொறிக்கும் பண்டம் இல்லை. பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம், ரத்தமும் படுக்கையறைக் காட்சியும் உண்டு. தொடங்குபவர்களுக்கு மூன்று யோசனை சொல்கிறேன்: முதலில் பெர்னார்டிடம் கை வலிக்கும்வரை பழகுங்கள், உஷிட்ஸ் போய்ப் படிப்பைக் கற்றுக்கொள்ளுங்கள், நெட்டில் இலையைக் கண்ட இடத்திலெல்லாம் பறித்து வையுங்கள். இரண்டாம் பாகம் 2025 பிப்ரவரியில் வந்துவிட்டது, அதில் ஹென்றி தானே உலைக்களத்தில் நின்று இரும்பு அடிக்கலாம். அதைத் தொடுவதற்கு முன்னால் இதில் மிச்சமுள்ள கிளைக்கதைகளையும் முடித்துவிட வேண்டும் என்றிருக்கிறேன், இன்னும் இரண்டு ஊர் பாக்கி.

போன வாரம் என் கணக்கிலிருந்து தம்பிக்கு இதை விளையாடக் கொடுத்தேன். ராத்திரி பதினொன்றரைக்குப் போன் அடித்தான்.

“அண்ணே, கோடாரி, சுத்தியல், ஆணிக்கு அந்தாளு காசு தரமாட்டேங்குறான்.”

“அடிச்சானா?”

“மூணு தடவை. நீங்க என்ன பண்ணீங்க?”

“கூட்டாளிகளக் கூட்டிட்டுப் போ. தனியாப் போகாத.”

“சரி” என்று வைத்துவிட்டான். மறுநாள் காலையில் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்திருந்தது. கோடாரியும் சுத்தியலும் பட்டறையில் அப்பாவின் மேசை மேல் இருந்தன.